பண்ணை வண்டிச் சீரமைப்பில் மரத்தேர்வு

பண்ணை வண்டிச் சீரமைப்பில் மரத்தேர்வு என்பது, குதிரைகள் இழுத்த பழைய நான்கு சக்கரப் பண்ணை வண்டிகளைப் பழுது நீக்கிப் புதுப்பிக்கும்போது, சிதைந்த உறுப்புகளுக்கு மாற்றாக எந்த மரத்தை, எந்த நிலையில், எவ்வாறு பிளந்தோ அறுத்தோ பயன்படுத்துவது என முடிவு செய்யும் பணியாகும். இக்கட்டுரை இங்கிலாந்தில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட வண்டிகளை முதன்மையாகவும், அவற்றோடு தொடர்புடைய அமெரிக்க வண்டிகளைச் சுருக்கமாகவும் எடுத்துக்கொள்கிறது. இவ்வண்டிகளின் ஒவ்வோர் உறுப்பும் அதற்கென அறியப்பட்ட ஒரு மரத்தால் செய்யப்பட்டது. அம்மரங்களுள் முக்கியமான இரண்டு, எல்ம் மரமும் ஆஷ் மரமும், நோய்களால் பேரழிவுக்கு உள்ளாகியிருப்பதால் இன்று இத்தேர்வு முன்னைவிடக் கடினமானதாகிவிட்டது.

பின்னணி

இங்கிலாந்தின் பண்ணை வண்டி ஒரே வடிவினதன்று. மண்ணின் தன்மை, மேடு பள்ளம், பாதையின் அகலம் ஆகியவற்றுக்கேற்ப மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டது. இவ்வேறுபாடுகளை ஜெரயின்ட் ஜென்கின்ஸ் 1961-இல் வெளியிட்ட 'தி இங்கிலிஷ் ஃபார்ம் வேகன்' என்னும் நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது. ரெடிங் நகரில் 1951-இல் நிறுவப்பட்ட ஆங்கில நாட்டுப்புற வாழ்வு அருங்காட்சியகத்தில் பல வண்டிகள் பாதுகாக்கப்படுகின்றன. மரத்தைப் பற்றித் தச்சரின் நோக்கில் எழுதப்பட்ட நூல்களுள் ஜார்ஜ் ஸ்டர்ட் எழுதிய 'தி வீல்ரைட்ஸ் ஷாப்' (1923) முதன்மையானது. இவர் சர்ரே மாவட்டத்தின் ஃபார்னம் ஊரில் இருந்த குடும்பப் பட்டறையின் பொறுப்பை 1884-இல் ஏற்றவர். பள்ளி ஆசிரியராக இருந்து பட்டறைக்கு வந்தவராதலால், தச்சர்கள் சொல்லாமலே அறிந்திருந்த பலவற்றை அவர் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. பிற்காலத்தவருக்கு அது நன்மையாகவே முடிந்தது.

சக்கரத்தின் மரங்கள்

வண்டியில் மிகுந்த விசைக்கு உள்ளாவது சக்கரமே. அதன் மூன்று மர உறுப்புகளான குடம், ஆரக்கால், வட்டை ஆகியவை மூன்று வெவ்வேறு வகையான விசைகளைத் தாங்குகின்றன. ஆதலால் அவற்றுக்கு மூன்று வெவ்வேறு மரங்கள் வழக்கில் இருந்தன.

சக்கரத்தின் நடுவே அமைந்த உருளையான குடத்தில் ஆரக்கால்களைச் செருகுவதற்காக 10 முதல் 14 வரையான துளைகள் சுற்றிலும் வெட்டப்படுகின்றன. மேலும் அச்சுக்காக நடுவில் பெரிய துளை ஒன்றும் இடப்படுகிறது. இத்தனை துளைகளுக்குப் பின் எஞ்சும் மரம் மிகக் குறைவு. அதற்குள் ஆரக்கால்களைச் சம்மட்டியால் அடித்து இறுக்கும்போது பெரும்பாலான மரங்கள் இழையோடு பிளந்துவிடும். எல்ம் மரத்தின் இழைகள் நேராகச் செல்லாமல் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பிளவு தொடர்ந்து ஓட வழியில்லை. எல்ம் வலிமை மிக்க மரம் அன்று. அடர்த்தியிலும் ஓக்கைவிடக் குறைந்ததே. எனினும் பிளவுபடாமை என்ற ஒரே பண்பால் குடத்துக்கு அதுவே உகந்ததாயிற்று. வலிமை அட்டவணைகளை மட்டும் பார்த்து மரம் தேர்பவர் இங்கே தவறிவிடுவார்.

ஆரக்கால்கள் சுமையைக் குடத்திலிருந்து தரைக்குக் கடத்துகின்றன. இவற்றுக்கு ஓக் மரத்தின் வைரக்கட்டை பயன்பட்டது. முக்கியமான செய்தி என்னவெனில், இவை வாளால் அறுக்கப்படாமல் ஆப்பு வைத்துப் பிளக்கப்பட்டன. வாள் தான் செல்லும் கோட்டில் இழைகளை வெட்டிச் செல்லும். பிளவோ இழையைத் தொடர்ந்தே செல்லும். எனவே பிளந்த ஆரக்காலில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழைகள் அறுபடாமல் ஓடும். அறுத்த ஆரக்கால் பார்வைக்கு நேராக இருப்பினும், இழை சாய்ந்திருந்தால் அச்சாய்வின் வழியே ஒரு நாள் முறியும். கடைகளில் கிடைக்கும் அறுத்த ஓக் பலகையிலிருந்து ஆரக்கால் செய்வது சீரமைப்பில் மிகுதியாகக் காணப்படும் பிழை எனலாம்.

வட்டைகள் என்பவை சக்கரத்தின் விளிம்பாக அமையும் வளைந்த துண்டுகள். ஒவ்வொரு வட்டையும் இரண்டு ஆரக்கால்களைத் தாங்கும். ஆகவே 12 ஆரக்கால் உள்ள சக்கரத்துக்கு 6 வட்டைகள். கல்லிலும் பள்ளத்திலும் விழும் அதிர்ச்சியை முதலில் ஏற்பவை இவையே. இதற்கு ஆஷ் மரம் ஏற்றது. வளைந்து கொடுத்து மீளும் இயல்பு அதற்கு உண்டு. கோடரிக் காம்புகளுக்கும் இதே காரணத்துக்காகவே ஆஷ் பயன்படுகிறது. இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த மரத்திலிருந்து வட்டைகளை வெட்டினால் இழையும் வளைவோடு செல்லும். பழைய பட்டறைகள் வேலி ஓரத்தில் வளைந்து நின்ற ஆஷ் மரங்களைத் தேடி வாங்கியதன் காரணம் இதுதான். சில இடங்களில் எல்ம், பீச் மரங்களிலும் வட்டைகள் செய்யப்பட்டன.

இம்மூன்றையும் சுற்றிக் காய்ச்சிய இரும்புப் பட்டை மாட்டப்படுகிறது. தணியும்போது பட்டை சுருங்கி வட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கி, ஆரக்கால்களைக் குடத்துக்குள் அழுத்துகிறது. மரம் முழுமையாக உலர்ந்திராவிடில், பின்னர் அது சுருங்கும்போது இந்த இறுக்கம் இழக்கப்படும். உலர்ந்த கோடையில் பட்டை தளர்ந்தால், வண்டியைக் குளத்திலோ ஆற்றிலோ நிறுத்தி மரத்தை ஊறவைப்பது உழவர் வழக்கம். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெயின்' (1821) ஓவியத்தில் வண்டி ஆற்றினுள் நிற்பதற்கு இதனையும் ஒரு விளக்கமாகக் கூறுவர்.

அச்சும் உடலும்

பழைய வண்டிகளின் அச்சுகள் மரத்தாலானவை. பீச், ஓக், ஆஷ் ஆகியவை இடத்துக்கேற்பப் பயன்பட்டன. இரும்பு அச்சு வந்தபின் மரம் அதைத் தாங்கும் கட்டையாக மட்டும் நின்றது. குதிரையைப் பூட்டும் ஏர்க்கால்கள் பெரும்பாலும் ஆஷ். அடிச்சட்டம் ஓக் அல்லது ஆஷ். தளப் பலகைகளுக்கு எல்ம் விரும்பப்பட்டது. அகலமான பலகையாகக் கிடைப்பதும், கல்லும் கிழங்கும் கொட்டினாலும் விளிம்பு பிளக்காததும் அதற்குக் காரணங்கள். பக்கப் பலகைகளுக்கு எடை குறைந்த பைன் வகை மரங்களும் பாப்லரும் போதும்.

பழைய சட்டங்களின் விளிம்புகள் இணைப்புகளுக்கு இடையே செதுக்கி மெலிதாக்கப்பட்டிருக்கும். அழகுக்காகச் செய்ததுபோல் தோன்றினும், வலிமை தேவைப்படாத இடத்தில் மரத்தை நீக்கி எடையைக் குறைப்பதே இதன் பயன். புதிய சட்டம் செய்யும்போது இச்செதுக்கலை விட்டுவிட்டால் வண்டியின் எடை கூடும்.

அமெரிக்க வண்டிகள்

அமெரிக்காவில் பண்ணை வண்டிகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலைப் பொருளாயின. இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் 1852-இல் தொடங்கப்பட்ட ஸ்டூடிபேக்கர் நிறுவனம் இவற்றுள் பெயர் பெற்றது. அங்கே அச்சுக்கு ஹிக்கரி, ஆரக்காலுக்கு வெள்ளை ஓக் அல்லது ஹிக்கரி, வட்டைக்கு வெள்ளை ஓக் அல்லது ஆஷ், பெட்டிப் பலகைக்கு டியூலிப் மரம் என்ற வழக்கம் பரவலாக இருந்தது. குடங்கள் எல்ம், ஓக், பிர்ச் ஆகியவற்றில் செய்யப்பட்டன.

ஹிக்கரி அதிர்ச்சியைத் தாங்குவதில் ஈடற்றது. ஆனால் மழையில் கிடந்தால் விரைவில் மக்கிவிடும். கொட்டகையில்லாமல் வயலோரம் விடப்பட்ட அமெரிக்க வண்டிகளில் ஹிக்கரி உறுப்புகளே முதலில் அழிந்திருப்பதைக் காணலாம். டெக்சாஸ், ஓக்லகோமா, ஆர்கன்சா பகுதியின் இயல் மரமான ஓசேஜ் ஆரஞ்சு இதற்கு நேர்மாறானது. மண்ணில் நட்டாலும் எளிதில் மக்காது. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது அதன் கன அளவில் ஏற்படும் சுருக்கம் சுமார் 9 விழுக்காடு மட்டுமே. வெள்ளை ஓக், ஹிக்கரி ஆகியவற்றில் இது 16 விழுக்காட்டைத் தாண்டும். வறண்ட பகுதிகளில் சக்கரப் பட்டை தளராமல் இருக்க இம்மரம் உதவியது. நேரான நீண்ட துண்டுகள் கிடைப்பது அரிது என்பதே இதன் குறை.

வெள்ளை ஓக், சிவப்பு ஓக் ஆகிய இரண்டும் மரக்கடையில் 'ஓக்' என்றே விற்கப்படலாம். வெள்ளை ஓக்கின் வைரக்கட்டையில் நீர் செல்லும் குழாய்கள் டைலோஸ் எனப்படும் வளர்ச்சிகளால் அடைபட்டிருக்கும். சிவப்பு ஓக்கில் அவை பெரும்பாலும் திறந்தே இருக்கும். சிவப்பு ஓக்கின் சிறு துண்டு ஒன்றை நீரில் ஒரு முனை அமிழ வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழிகள் வரும். காற்று நுழையும் வழியில் மழைநீரும் நுழையும். ஆகவே வெளியில் நிற்கும் வண்டிக்குச் சிவப்பு ஓக் ஏற்றதன்று.

பழைய மரத்தை அடையாளம் காணல்

மாற்று மரம் தேடுமுன், இருந்த மரம் எது என அறிய வேண்டும். ஒரு வண்டி தன் வாழ்நாளில் பலமுறை பழுது பார்க்கப்பட்டிருக்கும். எனவே ஓர் ஆரக்காலைப் பார்த்து மற்றவற்றையும் முடிவு செய்தல் கூடாது. வெளியே தெரியாத ஓரிடத்தில் இழையின் குறுக்குவெட்டைக் கூரிய கத்தியால் சீவி, 10 மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையால் பார்த்தாலே பெரும்பாலானவற்றை வேறுபடுத்தலாம்.

ஓக்கில் மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் அகன்ற கதிர்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். ஆஷ் மரத்தில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். ஆனால் கதிர்கள் கண்ணுக்குத் தெரியா. எல்ம் மரத்தில் வளையத்தின் பிற்பகுதித் துளைகள் அலை அலையான கோடுகளாக அமைந்திருக்கும். இது மிகத் தெளிவான அடையாளம். ஹிக்கரியில் வளையங்களுக்கு இணையாக மெல்லிய வெளிர் கோடுகள் ஓடும். பீச் மரத்தின் பக்கவாட்டில் சிறு பழுப்புக் கீற்றுகள் காணப்படும். ஓசேஜ் ஆரஞ்சின் சீவலை நீரில் இட்டால் நீர் மஞ்சளாகும்.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி. அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தலும் தீயால் எரித்து நீக்குதலும் உடலுக்குத் தீங்கானவை. மேலும் பூச்சின் அடுக்குகள் அந்த வண்டி எந்த மாவட்டத்தது என்பதற்கான சான்றாகவும் அமையும். எடுத்துக்காட்டாக, ஆக்ஸ்ஃபோர்டுஷயர் வண்டிகளின் உடல் மஞ்சள் நிறமும் அடிப்பகுதி சிவப்பு நிறமும் கொண்டது.

மரத்தின் நிலை

சரியான இனத்தைத் தேர்ந்தெடுத்தபின் மரத்தின் நிலையைப் பார்க்க வேண்டும். ஓக், ஆஷ், எல்ம், ஹிக்கரி ஆகியவற்றின் வெளிப்புறச் சாற்றுக்கட்டை துகள் வண்டுகளுக்கு இரையாகும். மாவுப்பொருள் நிறைந்த இப்பகுதியில் வண்டு முட்டையிட, புழுக்கள் உள்ளே மாவாக அரித்துவிடும். ஓக்கில் சாற்றுக்கட்டையை முழுவதும் நீக்கிவிடுவதே முறை. ஆஷ் மற்றும் ஹிக்கரியில் சாற்றுக்கட்டையும் வலிமையானதே. ஆதலால் அங்கே அதை ஒதுக்காமல், பூச்சியின்றி உலர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கின்றனர்.

நெருங்கிய ஆண்டு வளையம் உடைய மரமே வலிமையானது என்ற பரவலான எண்ணம் பைன் போன்ற மரங்களுக்குப் பொருந்தும். ஆஷ், ஓக், ஹிக்கரி ஆகியவற்றில் நிலைமை தலைகீழானது. இவற்றில் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் துளைகள் நிறைந்த மென்மையான பகுதியும், பின்னர் அடர்ந்த பகுதியும் உருவாகின்றன. மெதுவாக வளர்ந்த ஆண்டில் துளைப் பகுதி ஏறத்தாழ அதே அளவில் இருக்க, அடர்ந்த பகுதி மட்டும் குறைந்துவிடுகிறது. ஆகவே மிக நெருங்கிய வளையங்கள் கொண்ட ஆஷ் எடை குறைந்ததாகவும் சடக்கென முறிவதாகவும் இருக்கும்.

ஈரப்பதம் அடுத்தது. அறைகலன்களுக்கென உலையில் உலர்த்திய மரத்தில் ஈரம் 8 முதல் 12 விழுக்காடு இருக்கும். இங்கிலாந்தின் தட்பவெப்பத்தில் வெளியே, கூரையின் கீழ் நிற்கும் மரம் 15 முதல் 18 விழுக்காட்டில் நிலைபெறும். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளை ஓக் பலகை 8 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காட்டுக்கு மாறும்போது, வளையத்தின் தொடுகோட்டுத் திசையில் ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் விரிவடையும். இடைவெளியின்றி அடித்த தளப் பலகைகள் மேலே வளைந்து எழுவதற்கு இதுவே காரணம். இதற்கு மாறாக, வெளியில் நின்ற வண்டியைச் சூடேற்றிய அருங்காட்சியகக் கூடத்துக்குள் கொண்டுவந்தால் சக்கரம் சுருங்கிப் பட்டை கழன்றுவிடும். வண்டி எங்கே நிற்கப்போகிறது என்று தெரியாமல் மரம் வாங்குதல் இயலாது.

காற்றில் உலர்த்தும்போது ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர் கணக்கு. குடம்போன்ற பருமனான கட்டைகளின் நடுவே முன்கூட்டியே துளையிட்டு வைப்பர். உள்ளிருந்தும் ஈரம் வெளியேறுவதால் விரிசல் குறையும். இருப்பினும் பல ஆண்டுகள் ஆகும். பட்டறைகள் அடுத்த தலைமுறையின் தேவைக்காகவும் மரம் வாங்கி அடுக்கின எனலாம்.

ஓக்கில் உள்ள டானின் ஈரத்தில் இரும்போடு வினைபுரிந்து மரத்தைக் கருநீலமாக்குவதோடு இரும்பையும் அரிக்கும். பழைய ஆணிகளைச் சுற்றிக் காணப்படும் கருமை இதனால் வருவது. எனவே ஈர ஓக்கில் புதிய இரும்பு ஆணிகளை முடுக்குதல் தவிர்க்கப்பட வேண்டும்.

மரங்களின் அழிவு

மேலே கூறிய மரபின்படி சீரமைக்க விரும்புபவர் இன்று முதலில் எதிர்கொள்வது, அம்மரங்கள் கிடைக்காமையே.

எல்ம் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோய் பிரிட்டனில் 1920-களில் முதன்முதலாகக் காணப்பட்டது. 1960-களின் இறுதியில் அதைவிடக் கொடிய மற்றொரு பூஞ்சையினம் பரவி, 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைக் கொன்றது. பட்டையைத் துளைக்கும் வண்டுகள் இதைப் பரப்புகின்றன. வேரிலிருந்து தளிர்கள் இன்றும் எழுகின்றன. ஆனால் தண்டு சற்றுப் பருத்தவுடன் வண்டுகள் மீண்டும் வந்துவிடுவதால், குடம் செய்யும் அளவுக்கு அவை வளர்வதில்லை. தென்கடற்கரையிலுள்ள பிரைட்டன் நகரில் நோயுற்ற மரங்களை உடனுக்குடன் அகற்றி எல்ம்களைக் காத்து வந்துள்ளனர். ஸ்காட்லாந்தின் சில பகுதிகளிலும் பெரிய மரங்கள் எஞ்சியுள்ளன.

ஆஷ் மரத்துக்கு இரண்டு பகைகள். ஐரோப்பாவில், 1992-இல் போலந்தில் கவனிக்கப்பட்ட ஆஷ் கருகல் நோய் 2012-இல் பிரிட்டனில் உறுதி செய்யப்பட்டது. அமெரிக்காவில், ஆசியாவிலிருந்து வந்த மரகத ஆஷ் துளைப்பான் என்னும் வண்டு 2002-இல் டெட்ராய்ட் நகரருகே கண்டறியப்பட்டது. அது பல கோடி மரங்களை அழித்துள்ளது. நோயுற்றபோதும் உயிருள்ள நிலையில் வெட்டிய ஆஷ் மரத்தின் உட்பகுதி நன்றாக இருக்குமாயின் பயன்படும். நின்றபடியே பட்டுப்போன ஆஷ் விரைவில் நொறுங்கும் தன்மையை அடைவதால், அதை ஏர்க்காலுக்கோ வட்டைக்கோ பயன்படுத்துதல் ஆபத்தானது. பட்டையோடு கூடிய கட்டைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வதே இந்நோய்கள் பரவும் வழிகளுள் ஒன்று என்பதையும் வாங்குவோர் கருத வேண்டும்.

மாற்று மரங்களில் எதுவும் முழு நிறைவானதன்று. குடத்துக்கு ஓக் பயன்படுத்தலாம். ஆயினும் அது எளிதில் பிளப்பதால் இரும்பு வளையங்கள் இறுக்கமாக இருத்தல் வேண்டும். ஐரோப்பியத் தர அளவுகோலில் மக்காமைக்கு 1 முதல் 5 வரை வகுப்புகள் உள்ளன. 1 என்பது மிகு நீடிப்பு உடையது. அதன்படி ஐரோப்பிய ஓக் 2, எல்ம் 4, ஆஷ், பீச் ஆகியவை 5. அப்படியாயின் எல்லாவற்றையும் ஓக்கிலேயே செய்துவிடலாமே என்ற கேள்வி எழும். காட்சிக்கு மட்டும் நிற்கும் வண்டியில் அது இயலும். ஓடும் வண்டியில் ஓக் வட்டை, ஆஷ் போல அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளாது. மக்காமை, பிளவாமை, முறியாமை ஆகிய மூன்றும் ஒரே மரத்தில் அமைவது அரிது.

எவ்வளவு மாற்றுவது

மரம் அரிதாகிவிட்ட நிலையில், பழைய உறுப்பை முழுவதும் நீக்குவதைவிடச் சிதைந்த பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, நீண்ட சாய்வெட்டு இணைப்பில் அதே இனத்துப் புதிய மரத்தைப் பொருத்துதல் விரும்பத்தக்கது. சட்டங்களுக்கும் பலகைகளுக்கும் இது பொருந்தும். ஆரக்கால், ஏர்க்கால், அச்சு ஆகியவற்றில், வண்டி மீண்டும் குதிரை பூட்டி ஓட்டப்படுமெனில், ஒட்டு வேலையை நம்பக் கூடாது. ஓட்டும்போது முறிந்த ஏர்க்கால் குதிரையின் விலாவில் பாயக்கூடும். ஓடாத வண்டியில் உளுத்த மரத்தையும் பாரலாய்டு பி-72 போன்ற அக்ரிலிக் பிசினை ஊறச்செய்து உறுதிப்படுத்திப் பாதுகாக்கலாம். அது தோற்றத்தைக் காக்குமேயன்றிச் சுமை தாங்கும் வலிமையைத் திருப்பித் தராது.

புதிய உறுப்பின் மறைவான பக்கத்தில் ஆண்டைப் பொறித்து வைப்பது நல்ல வழக்கம். பிற்காலத்தில் ஆராய்பவர் 2020-களின் ஓக் குடத்தை மூல வண்டியின் பகுதியாகக் கருதிவிடாமல் இது தடுக்கும்.

தமிழக மாட்டு வண்டிகளுடன் ஒப்பீடு

உறுப்புக்கு ஒரு மரம் என்னும் முறை தமிழகத்துக்கும் புதிதன்று. மாட்டு வண்டிச் சக்கரங்களுக்கு நாட்டுக் கருவேல மரத்தின் வைரம் பெரிதும் பயன்பட்டது. வாகை, பூவரசு ஆகியவையும் சக்கர வேலைக்கு எடுக்கப்பட்டன. வெக்காலி மரம் அச்சுக்கு உகந்ததாக இருந்ததால் ஆங்கிலத்தில் 'ஆக்சில்வுட்', அதாவது அச்சு மரம், என்றே பெயர் பெற்றது. டயர் சக்கரங்களின் வரவால் மரச் சக்கர வேலை அருகிவிட்டது. பழைய வண்டியைச் சீரமைக்க விரும்புவோர், வெள்ளை ஓக் - சிவப்பு ஓக் குழப்பத்தைப் போன்ற ஒன்றை இங்கும் கவனிக்க வேண்டும். இன்று எங்கும் மலிந்துள்ள சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வேறு பேரினத்துத் தாவரம். அதன் கட்டையும் கடினமானதே. ஆனால் பெரும்பாலும் கோணலாகவும் சிறுத்தும் வளர்வதால், குடத்துக்கோ நீண்ட ஏர்க்காலுக்கோ போதுமான நேரிய மரம் அதில் கிடைப்பது அரிது.